இருட்பொருளைத் தேடும் மோதல் யந்திரங்கள்

பிரபஞ்சத்தில் உள்ள பொருள் அனைத்தையும் ஒரு தட்டில் ஏற்றி நிறுக்க முடியுமானால், நாம் அறிந்த அணுக்களால் ஆனது அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. சூரியன், விண்மீன்கள், வாயு மேகங்கள், பூமி, கடல், நீங்கள், நான் எல்லோரும் அந்தச் சிறு பங்குக்குள் அடங்கிவிடுகிறோம். எஞ்சியதற்கு விஞ்ஞானிகள் 'இருட்பொருள்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். என்னுடன் படிக்கும் மலையாள நண்பர்கள் 'தமோதிரவியம்' என்கிறார்கள். இரண்டு மொழியிலும் பெயர் சற்றுப் பிசகியே நிற்கிறது. கரி இருண்டது, ஏனெனில் அது ஒளியை விழுங்குகிறது. இருட்பொருளோ ஒளியை விழுங்குவதுமில்லை, உமிழ்வதுமில்லை. தன் வழியே போக விட்டுவிடுகிறது. 'தெளிபொருள்' என்று அழைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. நாமும் அதையே கைக்கொள்வோம்.

காணாத ஒன்றை உண்டு என்று எவ்வாறு துணிந்தார்கள்? 1933-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்பவர் கோமா என்னும் விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அதில் உள்ள மண்டலங்கள் விரைந்தோடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவே போதாது; கூட்டம் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். 1970-இல் வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தனர். மையத்திலிருந்து விலக விலக வேகம் குறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அது குறையவில்லை. பிற்காலத்தில் பிளாங்க் என்னும் விண்கலம் ஆதி ஒளியின் எச்சத்தை அளந்து தந்த கணக்கின்படி, பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவிகிதம், இருட்பொருள் 27 சதவிகிதம். மீதி 'இருட்சக்தி' என்னும் வேறொன்று. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

இச்சான்றுகள் யாவும் ஈர்ப்பு தந்த சான்றுகளே என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று அவை சொல்லும். என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டா. நம் சூரியனுக்கு அருகில் மூன்று கன சென்டிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை அளவுக்கு இருட்பொருள் இருக்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் இவ்வரியைப் படிக்கும் அறையிலும் இருக்கிறது. ஆனால் அது ஒரே கனத்த துகளா, நூறு இலேசான துகள்களா, துகளே அல்லாத ஒன்றா என்பது தெரியாது.

மோதல் யந்திரங்களைக் கட்டுவோருக்கு நம்பிக்கை ஊட்டும் எண்ணம் ஒன்று உண்டு. பிரபஞ்சம் பிறந்த புதிதில் எங்கும் கடும் வெப்பம். அந்த வெப்பத்தில் எல்லா வகைத் துகள்களும் உண்டாவதும் அழிவதுமாக இருந்தன. இருட்பொருளும் அவ்வாறே உண்டாகி, பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்தபோது ஒன்றையொன்று சந்தித்து அழிய வாய்ப்பின்றி எஞ்சிவிட்டது என்று கொள்வோம். நியூட்ரினோவுக்கு உள்ளது போன்ற மெலிந்த உறவு அதற்கும் இருந்தால், எஞ்சும் அளவு இன்று வானில் காணும் அளவுக்குக் கிட்டத்தட்ட ஒத்து வருகிறது! இந்தப் பொருத்தம் தற்செயலாகவும் இருக்கலாம். உண்மையாயின், அந்த ஆதி வெப்பத்தை ஒரு புள்ளியில் மீண்டும் உண்டாக்கினால் அத்துகள் மீண்டும் பிறக்க வேண்டும். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் நிலையத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்.எச்.சி. யந்திரம் புரோட்டான்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கிறதே, அது இத்தகைய முயற்சிதான்.

பிறந்தால் மட்டும் போதுமா? எதனோடும் ஒட்டாமல் போகும் துகள், சுற்றிலும் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள உணர்கருவிகளை வைத்தாலும் ஒரு சுவடும் இன்றி வெளியேறிவிடுமே? அதை யந்திரம் எப்படிக் கண்டுகொள்ளும்?

இவ்விடத்தில் கரும்பலகையைவிட மட்டாஞ்சேரியே எனக்கு நன்கு உதவுகிறது. என் தந்தையார் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்தவர். பஜார் ரோட்டில் ஒரு கிடங்கில் மிளகு நிறுப்பது அவர் வேலை. மலையிலிருந்து வரும் சாக்கு முதலில் அப்படியே தராசில் ஏறும். பிறகு மிளகைச் சலித்துத் தூற்றுவார்கள். நல்ல மிளகு ஒரு பக்கம், பொக்கு மிளகு ஒரு பக்கம், காம்பு, தூசி, கல் ஒரு பக்கம். ஒவ்வொன்றையும் தனியே நிறுத்துப் பேரேட்டில் எழுதுவார்கள். எல்லாம் சேர்ந்து முதலில் ஏறிய எடைக்குச் சமமாக வேண்டும். வராது. ஏதோ ஒன்று குறையும். குறைந்த மாத்திரத்தில் யாரும் "திருட்டு" என்று கூவமாட்டார்கள். மிளகில் ஈரம் உண்டு. அது காய்ந்து காற்றோடு போயிருக்கும். எந்த மாதத்துச் சரக்கு, எத்தனை நாள் கிடந்தது, மழையா வெயிலா என்று பார்த்து, இவ்வளவு ஈரம் போயிருக்கும் என்று அவர் ஒரு கணக்குச் சொல்வார். அதற்கு மேலும் குறைந்தால்தான் விசாரணை.

மோதல் யந்திரத்தின் வேலையும் ஏறக்குறைய இதுதான். எதிரெதிரே வரும் புரோட்டான்களுக்குப் பக்கவாட்டில் ஓட்டம் இல்லை. ஆகையால் மோதிச் சிதறும் துண்டுகளின் பக்கவாட்டு உந்தங்களை, அதாவது நிறையையும் வேகத்தையும் திசையையும் சேர்த்த அளவை, மொத்தமாகக் கூட்டினால் சுழி வரவேண்டும். ஒரு பக்கம் துகள்கள் பீச்சியடித்து ஓடுகின்றன. எதிர்ப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். காணாத ஏதோ ஒன்று அப்பக்கம் ஓடியிருக்கிறது. துகளை யாரும் பார்க்கவில்லை. கணக்கில் விழுந்த குறையைத்தான் பார்க்கிறார்கள். பௌதிகத்தில் இம்முறை புதிதன்று. கதிரியக்கத்தில் பீட்டாத் துகள் எடுத்துச் சென்ற சக்தி கணக்கில் உதைத்தபோது, 1930-இல் வுல்ஃப்காங் பௌலி கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று மீதியைக் கொண்டுபோகிறது என்றார். சக்தி அழியாது என்ற விதியையே கைவிட நீல்ஸ் போர் போன்ற பெரியவர் தயாராக இருந்த காலம் அது. அத்துகள்தான் நியூட்ரினோ; 1956-இல் ரைன்ஸும் கோவனும் அதை நேரில் பிடித்தார்கள்.

அந்த நியூட்ரினோதான் இன்று நம் கணக்கில் ஈரம். மோதலில் பிறக்கும் இசட் என்னும் துகள் ஐந்தில் ஒரு தடவை நியூட்ரினோ இணையாகச் சிதைகிறது. இரண்டும் அகப்படாமல் ஓடிவிடும். இருட்பொருள் ஓடினால் எப்படிக் குறை விழுமோ அப்படியே குறை விழும். ஈரத்தைச் சரியாகக் கணிக்காதவன் நாள்தோறும் ஒரு திருடனைப் பிடிப்பான். 1984-இல் செர்னில் இது மெய்யாகவே நிகழ்ந்தது. யு.ஏ.1 என்னும் குழுவினர், ஒரு பக்கம் மட்டும் பீச்சு, எதிர்ப் பக்கம் வெறுமை என்ற மோதல்கள் சிலவற்றைக் கண்டு வெளியிட்டனர். புதிய துகள் கிடைத்துவிட்டது என்று உலகமெங்கும் கட்டுரைகள் எழுந்தன. பின்னர் அறிந்த காரணங்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக எவ்வளவு தரும் என்று பொறுமையாகக் கூட்டியபோது, எல்லாம் அவற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதே குழுவினர்தாம் அதற்கு முந்தைய ஆண்டில், இதே குறைக்கணக்கைக் கொண்டு டபிள்யூ துகளை உறுதியாகக் கண்டவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். முறையில் பழுதில்லை, ஈரக்கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது.

தராசு ஒழுகினாலும் குறை விழும். எல்.எச்.சி.யில் உள்ள சி.எம்.எஸ். என்னும் உணர்கருவியில், துகள்களை நிறுத்திச் சக்தியை அளக்கும் அடுக்கையும் தாண்டிச் சில துகள்கள் கசிந்துவிடக்கூடும். கசிந்ததைப் பிடிக்க வெளியே இன்னோர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். அதைச் செய்து கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நம் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார். இந்தியா 2017 ஜனவரி முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. காந்தங்களைத் தாங்கி நுட்பமாக நிலைநிறுத்தும் தாங்கிகள் ஆயிரக்கணக்கில் இங்கிருந்து சென்றன. அவற்றையெல்லாம்விட அந்த வெளியடுக்கை நினைத்தால்தான் எனக்குப் பெருமை. குறை என்று சொல்லுமுன் கசிவில்லை என்று காட்டும் பொறுப்பு அதனுடையது.

இதுவரை எல்.எச்.சி. கண்டது என்ன? 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டது. இருட்பொருள் கிடைக்கவில்லை. விழுந்த குறைகள் யாவும் நியூட்ரினோக் கணக்கோடு பொருந்திவிட்டன.

இன்னும் பெரிய யந்திரம் கட்டினால் கிடைத்துவிடுமா என்று கேட்பதற்குமுன், எல்.எச்.சி.யின் பேரேட்டில் உள்ள ஒரு போதாமையை அறிந்துகொள்வது நல்லது. பத்திரிகைகளில் யந்திரத்தின் பெருமையையே எழுதுகிறார்கள், இதை எழுதுவதில்லை. புரோட்டான் ஒரே துகள் அன்று. அது ஒரு சாக்கு. உள்ளே குவார்க்குகளும் குளுவான்களும் இருக்கின்றன. இரு புரோட்டான்கள் மோதும்போது மெய்யாக மோதுவது இந்தச் சாக்கிலிருந்து ஒரு மணி, அந்தச் சாக்கிலிருந்து ஒரு மணி. அம்மணிகள் எவ்வளவு சக்தியோடு வந்தன என்பது யாருக்கும் தெரியாது. மீதி மணிகள் குழாய் வழியே நேராக ஓடிவிடும். ஆகவே கற்றையின் திசையில் கணக்கே பார்க்க இயலாது. பக்கவாட்டுக் கணக்கு ஒன்றுதான் கைக்கு வருகிறது. ஏறிய எடை தெரியாமல் இறங்கிய எடையை மட்டும் வைத்துக்கொண்டு குறையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என் தந்தையார் வேலையை விட்டே போய்விடுவார்.

எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானையும் மோதவைத்தால் நிலைமை மாறுகிறது. இவை சாக்குகள் அல்ல, தனி மணிகள். மோதினால் இரண்டின் சக்தியும் முழுவதும் மோதலுக்குள் போகிறது. ஏறிய எடை முன்கூட்டியே மிக நுட்பமாகத் தெரியும். எல்.எச்.சி. இன்று இருக்கும் அதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை லெப் என்னும் இத்தகைய யந்திரம் ஓடியது. இசட் துகள் சிதையும் வகைகளில் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் கூட்டி, மொத்தத்திலிருந்து கழித்து, காணாமற்போன பகுதி எத்தனை வகை நியூட்ரினோவுக்குச் சமம் என்று பார்த்தார்கள். பிற்காலத்தில் திருத்தப்பட்ட விடை 2.996; பிழை எல்லை 0.007. அதாவது மூன்று. மூன்றும் நாம் அறிந்தவையே. நான்காவதாக இலேசான துகள் ஒன்று நியூட்ரினோவைப்போல இசட்டோடு உறவு கொண்டிருந்தால் இக்கணக்கில் அகப்பட்டிருக்கும். கண்ணால் காணாத துகள்களை எண்ணி முடித்துவிட்ட இச்சோதனையைவிட அழகானது பௌதிகத்தில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

செர்னில் இப்போது ஆலோசிக்கும் எஃப்.சி.சி. யந்திரத்தின் முதற்கட்டம் இந்த லெப்பின் பெரிய வாரிசுதான். 2025 மார்ச்சில் வெளியான சாத்தியக்கூறு அறிக்கைப்படி அதன் சுற்றளவு 90.7 கிலோமீட்டர், முதற்கட்டச் செலவு சுமார் 1,500 கோடி ஸ்விஸ் பிராங்கு. ஜப்பானில் நேர்க்கோட்டு யந்திரம் ஒன்றுக்கும், சீனாவில் நூறு கிலோமீட்டர் வளைய யந்திரம் ஒன்றுக்கும் திட்டங்கள் வரையப்பட்டுள்ளன. எல்லாவற்றிலும் முதல் இலக்கு ஹிக்ஸ்தான். லெப் தன் வாழ்நாளில் ஒன்றே முக்கால் கோடி அளவில் இசட் துகள்களைத் தந்தது. எஃப்.சி.சி. ஐந்து லட்சம் கோடிக்கு மேல் தரவேண்டும் என்று திட்டம். ஹிக்ஸ் இருபது லட்சத்துக்கு மேல்.

ஹிக்ஸை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்? துகள்களுக்கு நிறை தருவதோடு உறவுடையது அது. இருட்பொருளுக்கும் நிறை உண்டு. ஆகவே ஹிக்ஸின் கதவு வழியாக அது எட்டிப் பார்க்கலாம். ஹிக்ஸ் துகள் சில வேளை காணாப் பொருளாகவே முழுதும் சிதைந்துவிடுமானால்? காணாப் பொருளாகச் சிதைந்த ஒன்று பிறந்தது என்பதே எப்படித் தெரியும்? தனிமணி மோதலில் இதற்கு வழியுண்டு. ஹிக்ஸ் அங்கே இசட்டுடன் சேர்ந்து பிறக்கும். இசட் இரண்டு மியூவான்களாகச் சிதைந்தால் அவற்றை நன்றாக அளக்கலாம். ஏறிய எடையிலிருந்து அந்த மியூவான்களைக் கழியுங்கள். மீதியாக நிற்கும் நிறை புரோட்டானைப்போல் 133 மடங்கு என்று வந்தால், எதிர்ப் பக்கத்தில் இருந்தது ஹிக்ஸ். அது என்னவாகச் சிதைந்தது என்று பார்க்கவே தேவையில்லை! பிறகு அப்பக்கம் திரும்பி, ஏதேனும் இருக்கிறதா, வெறுமையா என்று பார்த்தால் போதும். இன்றைய எல்.எச்.சி. கணக்கு, ஹிக்ஸ் காணாப் பொருளாகச் சிதைவது சுமார் 11 சதவிகிதத்துக்கு மேல் இராது என்று மட்டும் சொல்கிறது. புதிய யந்திரம் இதை அரைச் சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும். அறிந்த நியூட்ரினோக்களால் வரும் ஈரம் ஆயிரத்தில் ஒன்றுதான். இடையில் விசாரணைக்கு நிறைய இடம் இருக்கிறது.

கனத்த இருட்பொருளுக்கு இந்த யந்திரம் போதாது. ஹிக்ஸினோ என்றும் வினோ என்றும் கொள்கையாளர் கூறும் இரு வகைத் துகள்கள், வானில் உள்ள இருட்பொருள் முழுவதற்கும் தாமே பொறுப்பாக வேண்டுமானால், முறையே புரோட்டானைப்போல் சுமார் 1,200 மடங்கும் 3,000 மடங்கும் நிறை பெற்றிருக்க வேண்டும். அவற்றைப் பிறப்பிக்க எஃப்.சி.சி.யின் இரண்டாம் கட்டமாகிய புரோட்டான் யந்திரம் வேண்டும், எல்.எச்.சி.யைவிட ஆறேழு மடங்கு சக்தி. அங்கே மறுபடியும் சாக்குக் கணக்குத்தான். எனினும் இவ்வகைத் துகளுக்கு ஒரு துணை அடையாளம் உண்டு. மின்னேற்றமுள்ள தன் உடன்பிறப்பாகப் பிறந்து, சில சென்டிமீட்டர் ஓடிச் சுவடு காட்டி, திடீரென்று நின்றுவிடும். பாதியில் அறுந்த நூல்போல.

இவ்வளவும் கைகூடிக் குறை ஒன்று ஐயமின்றி விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். இருட்பொருள் கிடைத்துவிட்டதா? இல்லை. துகள் உணர்கருவியை விட்டு வெளியேற ஒரு நொடியின் நூறு கோடியில் சில பத்துப் பங்கு நேரம் ஆகும். அதுவரை அது சிதையவில்லை என்பது மட்டுமே யந்திரம் அறிந்தது. வானில் உள்ள இருட்பொருள் 1,380 கோடி ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. வாயிலைத் தாண்டியதும் மடிந்த துகளும், யுகங்கள் வாழும் துகளும் யந்திரத்தின் பேரேட்டில் ஒரே வரியாகத்தான் விழும். ஆகவே பூமிக்கடியில் காத்திருந்து, வானிலிருந்து வரும் துகளை நேரில் பிடிக்கும் சோதனையும் வேண்டும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் டன் கணக்கில் திரவ ஜெனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். இன்றுவரை உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை.

பூமிக்கடியில் காத்திருப்பது என்றதும் தமிழர்க்குக் கோலார் நினைவு வரவேண்டும். தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த அந்தத் தங்கச் சுரங்கத்தில்தான், 1965-இல் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ உலகில் முதன்முதல் அகப்பட்ட சோதனைகளுள் ஒன்று நடந்தது. டாட்டா நிலையத்தார், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் ஆகிய இடத்தினர் கூடிச் செய்தது அது. அக்கருவிகளில் விளக்கம் காணமுடியாத சில சுவடுகளும் பதிந்தன. பாறைக்கும் கருவிக்கும் இடையே வெறும் காற்றிலிருந்து பல சுவடுகள் ஒன்றாகக் கிளம்பியிருந்தன. 1975-இல் இவை வெளியிடப்பட்டன. வேறிடத்து யந்திரங்களில் தேடியபோது அத்தகையவை கிடைக்கவில்லை; பேச்சு அடங்கிவிட்டது. சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த மூர்த்தியும் ராஜசேகரனும் 2014-இல் அப்பழைய சுவடுகளை மீண்டும் எடுத்து, இவை இருட்பொருள் துகள் சிதைந்ததால் வந்தவையாக இருக்கலாமோ என்று ஒரு கட்டுரை எழுதினர். துகளின் நிறை புரோட்டானைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு வரை இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பு.

நான் இதை நம்புகிறேன் என்று சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சுவடுகளிலிருந்து பிரபஞ்சத்தின் பெரும்பகுதியை விளக்குவது துணிச்சல். ஆனால் இவ்வளவு இலேசான துகளை மோதல் யந்திரத்தில் விசாரிக்கலாம் என்பதுதான் என்னைக் கவர்கிறது. இசட்டோடு அதற்கு நியூட்ரினோ அளவு உறவு இருந்திருந்தால் லெப்பின் 2.996 அதை எப்போதோ காட்டியிருக்கும். உறவு மிக மெலிந்ததாயின், ஐந்து லட்சம் கோடி இசட் துகள்களின் பேரேடுதான் அதைத் தொடக்கூடும். மறுபுறம் கோலார்ச் சோதனையையே பெரிய கருவியோடு மீண்டும் செய்யலாம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்புக் கருவியுடன் நியூட்ரினோ நிலையம் அமைக்க மத்திய அரசு 2015-இல் இசைவளித்தது. மலைக்கும் நீருக்கும் என்ன ஆகுமோ என்று மக்கள் எதிர்த்தனர். தமிழக அரசும் ஏற்கவில்லை. நிலையம் எழவில்லை. அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடும் விஞ்ஞானிகளோடு நான் உடன்படவில்லை. ஊராரிடம் முதலில் சென்று, அவர்கள் மொழியில் விளக்கியிருக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் இதைக் கேட்டுவிட்டு, "என்னப்பா, கெடச்சாலும் அதுதான்னு சொல்ல முடியாது, கெடைக்காட்டி இல்லைன்னும் சொல்ல முடியாது, இதுக்கா இவ்வளவு பணம்?" என்றார். நேர்மையான கேள்வி. கிடைக்கும் என்று உறுதி கூறி இந்த யந்திரத்துக்குப் பணம் கேட்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்பேன். ஹிக்ஸையும் இசட்டையும் இதுவரை இல்லாத நுட்பத்தோடு அளக்கும் என்பது உறுதி, இருட்பொருள் உறுதியன்று.

காலமும் ஒரு செலவு. எல்.எச்.சி.யின் மேம்பட்ட பதிப்பு 2030-இல் ஓடத் தொடங்கி, அதன்பின் பத்தாண்டுக்கு மேல் நடக்கவேண்டும் என்பது திட்டம். எஃப்.சி.சி. கட்டப்பட்டால் அதன் முதற்கட்டம் 2040-களின் பிற்பகுதியில். இரண்டாம் கட்டம் 2070-களில். எனக்கு இப்போது இருபத்து மூன்று வயது. முதல் எலெக்ட்ரான் மோதும்போது நாற்பதைக் கடந்திருப்பேன். பெரிய புரோட்டான் யந்திரம் ஓடும் நாளில் எழுபதை ஒட்டியிருப்பேன். நம் துறையில் சிலர் இந்தக் கணக்கைப் பார்த்தே வேறு வழி போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள எண்ணியிருப்பது, இரண்டு மியூவான்களைக் கழித்தபின் எஞ்சும் நிறையில் நியூட்ரினோ ஈரம் எவ்வளவு என்னும் கணக்கு. அதற்கு யந்திரம் வேண்டியதில்லை. ஒரு கணிப்பொறியும் சில ஆண்டுகளும் போதும். யந்திரம் எழும்போது அந்த எண் ஆயத்தமாக இருக்க வேண்டும்.